காதில் விழாதவை

தமிழில் காதால் கேட்பதற்கும் கீழ்ப்படிவதற்கும் ஒரே சொல்தான். "சொன்னா கேக்கணும்", "பெரியவங்க பேச்சைக் கேளு", "அது யார் பேச்சையும் கேக்காது". ஒலியை வாங்குவது, சொன்னபடி நடப்பது, வேண்டியதை யாசிப்பது, தெரியாததை வினவுவது என்று எல்லாவற்றையும் 'கேள்' என்ற ஒரு சொல்லின் தலையில் ஏற்றி வைத்திருக்கிறோம். திருக்குறளில் கல்லாமைக்கு அடுத்த அதிகாரத்தின் பெயர் கேள்வி. படிக்க வாய்க்காதவனும் கேட்டுத் தேறிவிடலாம் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. அந்த நம்பிக்கைக்குள் ஒரு நிபந்தனையும் இருக்கிறது. காது வேலை செய்ய வேண்டும்.

'செவிடன் காதில் ஊதிய சங்கு' என்கிறோமே, அதில் குற்றம் எப்போதும் காதின் மேல்தான். ஊதியவர் சங்கைக் கீழே வைத்துவிட்டு வேறு எதையாவது செய்து பார்த்திருக்கலாமே என்று யாரும் யோசிப்பதில்லை.

காது கேட்காத பிள்ளைகளை இணையத்தில் எப்படிப் பத்திரமாக வைத்திருப்பது என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்தச் சங்குதான் நினைவுக்கு வருகிறது. பள்ளிகளில் விழிப்புணர்வுக் கூட்டம் போடுகிறார்கள். திரையில் அறிவுரைகள் வரிசையாக ஓடுகின்றன. முன்பின் தெரியாதவர்களிடம் பேசாதே. முகம் தெரியும்படி வீடியோ, போட்டோ அனுப்பாதே. சந்தேகம் வந்தால் வீட்டில் பெரியவர்களிடம் சொல். அவசரம் என்றால் 1098க்கு போன் பண்ணு. நல்ல அறிவுரைகள்தான். யாரும் கெட்ட எண்ணத்தோடு எழுதியவை இல்லை. ஆனால் இந்த நான்கையும் கிராமத்தில் இருக்கும் ஒரு காது கேட்காத பெண் குழந்தையின் கையில் கொடுத்துப் பாருங்கள். ஒன்றுகூடத் தேறாது.

எனக்கு இது என் அக்கா மகள் வழியாகத்தான் புரிந்தது. எங்கள் ஊர் தர்மபுரி மாவட்டத்தில் பாலக்கோட்டுக்கும் மாரண்டஹள்ளிக்கும் இடையில் இருக்கிறது. அக்கா தக்காளிக் காட்டுக்கு வேலைக்குப் போகிறாள். மாமா பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. பெண்ணுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. காதுக்குள் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சையை ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அரசு காப்பீட்டுத் திட்டத்திலேயே இலவசமாகச் செய்கிறார்கள் என்பது எங்கள் வீட்டுக்குத் தெரியவந்தபோது அவள் ஆறைத் தாண்டியிருந்தாள். வேறு மாவட்டத்தில் ஒரு பள்ளியில், விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஊரில் அவளுக்குப் பெயர் 'ஊமைப்புள்ள'. அரசுக் காகிதங்களில் 'செவித்திறன் குறையுடையோர்'. அவள் எனக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறாள். மூக்கின் இடது பக்கத்தை இரண்டு விரலால் கிள்ளிக் காட்டினால் அது நான், மூக்குத்திச் சித்தி.

இதை எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டேன். வயதைச் சொல்லக்கூடாது, பள்ளி பெயரைச் சொல்லக்கூடாது, போட்டோ போடக்கூடாது என்று மூன்று நிபந்தனை போட்டாள். நான்காவது நிபந்தனை பின்னால் வருகிறது.

2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். விடுதியும் மூடியது. அந்த ஊரடங்கைப் பற்றி ஆயிரம் கட்டுரைகள் வந்துவிட்டன. காது கேட்காத பிள்ளைகளுக்கு அது என்னவாக இருந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். விடுதி என்பது அவர்களுக்குத் தங்கும் இடம் மட்டுமில்லை, அவர்களுடைய மொழி பேசும் ஊர். காது கேட்காத குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள் என்று ஆய்வுகள் சொல்கின்றன. அதாவது பெரும்பாலான பிள்ளைகளுக்கு வீட்டில் பேச்சுத்துணை கிடையாது. எங்கள் வீட்டில் அக்காவுக்கும் அவளுக்கும் நடுவே ஒரு முப்பது நாற்பது சைகைகள் இருந்தன. சோறு, தண்ணி, மாடு, காசு, பஸ், ஜுரம், அடிப்பேன், தூங்கு. ஒரு நாளை ஓட்ட அது போதும். ஒரு நாளைப் பற்றிப் பேசப் போதாது.

அந்தச் சமயத்தில்தான் வீட்டுக்கு ஸ்மார்ட்போன் வந்தது, பாடத்துக்காக. பாடம் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, ஆனால் இரண்டே வாரத்தில் அவளுடைய விடுதித் தோழிகள் அத்தனை பேரும் அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் வந்து சேர்ந்துவிட்டார்கள். முதலில் ஐந்து பேர், அப்புறம் சீனியர் அக்காக்கள், அப்புறம் சேலம், கிருஷ்ணகிரி, வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள். சுவரில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு இரண்டு கையாலும் பேசிச் சிரிப்பாள். நான் சைகைமொழி கற்றுக்கொண்டது அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்துதான். இப்போதும் சரளமாக வராது. சித்தி கையில் திக்குகிறாள் என்று கிண்டல் பண்ணுவார்கள்.

இப்போது முதல் அறிவுரைக்கு வாருங்கள். முன்பின் தெரியாதவர்களிடம் பேசாதே. இந்தப் பெண்ணுக்கு யார் தெரிந்தவர், யார் தெரியாதவர்? தெருவில் இருக்கும் நாற்பது வீட்டையும் பிறந்ததிலிருந்து பார்க்கிறாள். அவர்களில் ஒருவரோடும் ஒரு முழு வாக்கியம் பேசியதில்லை. வேலூர்ப் பெண்ணை நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் அந்தப் பெண்ணின் பாட்டி செத்தது, நாய் குட்டி போட்டது, எந்த வாத்தியார் மேல் அவளுக்குக் கோபம் என்பதெல்லாம் இவளுக்குத் தெரியும்.

இரண்டாவது அறிவுரை இன்னும் மோசம். முகம் காட்டாதே, வீடியோவை அணைத்துவை. காது கேட்கும் பிள்ளைக்கு இது நடக்கிற காரியம், குரலில் பேசலாம், எழுத்தில் பேசலாம். சைகைமொழி பேசுகிறவர்களுக்கு வீடியோதான் குரல். கை மட்டும் தெரிந்தாலும் பத்தாது. புருவம் ஏறினால் கேள்வி, உதடு சுழித்தால் வேறு பொருள். முகம் அந்த மொழியின் இலக்கணத்தில் ஒரு பகுதி. ஆகவே 'முகத்தைக் காட்டாதே' என்பது அவர்களைப் பொறுத்தவரை 'வாயை மூடு' என்பதற்குச் சமம். இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். முகநூலில் பூனைப் படம் வைத்துக்கொண்டு வாழ்நாள் முழுக்க அநாமதேயமாக இருந்துவிடலாம். சைகைமொழியில் அது முடியாது. பேசுவது என்றாலே உடலோடும் முகத்தோடும் தன்னைத் தருவதுதான். எதிரில் இருப்பவன் ஸ்க்ரீன் ரெக்கார்டர் போட்டிருந்தால் அவள் பேசியது மொத்தமும் அவன் கையில்.

அப்படி ஒருவன் வந்தான். குழு பெருகப் பெருக யார் யாரைச் சேர்த்தார்கள் என்று தெரியாமல் போன கட்டத்தில் உள்ளே வந்திருக்கிறான். நன்றாகச் சைகை பேசுவானாம். அவனுக்குக் காது கேட்குமா கேட்காதா என்பதே இன்றுவரை யாருக்கும் தெரியாது. முதல் ஒரு மாதம் ஆங்கில வார்த்தைகள் சொல்லிக் கொடுத்தான், சாப்பிட்டாயா என்று விசாரித்தான். வீட்டில் யாரும் அவளிடம் அந்தக் கேள்வியை நின்று நிதானமாகக் கேட்டதில்லை. தட்டை வைப்பார்கள், அவ்வளவுதான். அப்புறம் தனியாகக் கூப்பிட ஆரம்பித்தான், ராத்திரியில் கூப்பிட்டான், பிறகு ஒன்றைக் கேட்டான். அவன் கேட்டதை எழுதக்கூடாது என்பதுதான் அவளுடைய நான்காவது நிபந்தனை.

அவள் மூன்றாவது அறிவுரையின்படி நடந்தாள். பெரியவர்களிடம் சொன்னாள். அக்கா முன்னால் போய் நின்று போனைக் காட்டினாள், பிறகு சுண்டுவிரலை நீட்டிக் காட்டினாள். சுண்டுவிரல் என்றால் கெட்டது. போன், கெட்டது. திரும்பத் திரும்ப அதையே காட்டினாளாம், அழவும் செய்தாளாம். அக்காவுக்குப் புரிந்தது. போன் கெட்டுப்போய்விட்டது. மறுநாள் காட்டு வேலைக்கு லீவு போட்டுவிட்டு, பாலக்கோடு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கடையில் கொண்டுபோய்க் கொடுத்தாள். கடைப் பையன் அதை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினான். "போன்ல ஒண்ணும் பிரச்சனை இல்லக்கா" என்று சொல்லி ஒரு டெம்பர்டு கிளாஸை ஒட்டிக் கொடுத்து 150 ரூபாய் வாங்கிக்கொண்டான். அக்கா அதைக் கொண்டுவந்து பளபளவென்று அவள் கையிலேயே கொடுத்தாள்.

இந்த இடத்தில் அக்காவைக் குறைசொல்ல எனக்கு எதுவுமில்லை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பஸ் ஏறிப் போன தாய் அவள். அவளிடம் அன்பு இருந்தது, அக்கறை இருந்தது, கைவசம் முப்பது சைகையும் இருந்தது. முப்பத்தோராவது சைகை ஒன்று தேவைப்பட்டது.

*

காது கேட்கும் பிள்ளைகள் ஆபத்தைப் பற்றி எப்படித் தெரிந்துகொள்கிறார்கள் என்று யோசித்துப் பார்த்திருக்கிறீர்களா? கூட்டம் போட்டு யாரும் சொல்லித் தருவதில்லை. நான் எப்படித் தெரிந்துகொண்டேன் என்று பார்க்கிறேன். அம்மாவும் சின்னம்மாவும் புளி கொட்டை எடுத்துக்கொண்டே, நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து, பக்கத்து ஊர்ப் பெண் யாரையோ பற்றிக் குசுகுசுவென்று பேசியதிலிருந்து. டீக்கடைப் பக்கம் அந்த ஆள் நின்றால் அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு "வா சீக்கிரம்" என்று சொல்லும்போது குரல் மாறியதிலிருந்து. பஸ்ஸில் ஒரு பெண் ஒருவனைத் திட்டியதிலிருந்து. இவை எதுவும் எனக்காகச் சொல்லப்பட்டவை இல்லை. என் காதில் விழுந்தவை.

காதில் விழுவது என்ற பிரயோகமே அழகானது. நாம் வாங்கப் போவதில்லை, அதுவாக வந்து விழுகிறது. ஒரு பிள்ளைக்கு எச்சரிக்கை உணர்வு என்பது இப்படி விழுந்தவற்றால் ஆன வண்டல். அதன் மேல்தான் 'தெரியாதவர்களிடம் பேசாதே' என்ற விதை முளைக்கும். காது கேட்காத பிள்ளைக்கு அந்த வண்டல் இல்லை. பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து பேசிச் சிரிக்கும் வீட்டில், என்ன என்று தோளைத் தட்டிக் கேட்டால், "ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்" என்று கையசைப்பார்கள். அந்த அப்புறம் வராது. கிசுகிசு, வதந்தி, ஊர்வம்பு என்று நாம் கேவலமாக நினைக்கும் அத்தனையும் ஒரு பிள்ளையின் பாதுகாப்புக் கவசத்தில் இழைகள் என்பது, அவை எதுவும் கிடைக்காத ஒருத்தியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் தெரிகிறது.

இது எதிர்த்திசையிலும் உண்மை. பிள்ளைகளுடையது பெற்றோர் காதிலும் விழுகிறது. மகள் அறைக்குள் போனில் பேசுகிறாள். என்ன பேசுகிறாள் என்று அம்மாவுக்குத் தெரியாது, ஆனால் குரல் தெரியும். சிரிப்பு தெரியும், சட்டென்று தணிந்தால் தெரியும். "யாருடி போன்ல?" என்று அடுப்படியிலிருந்தே கேட்பாள். அது ஒட்டுக்கேட்டல் இல்லை. காதில் விழுவதற்கும் ஒட்டுக்கேட்பதற்கும் நடுவே தமிழில் ஒரு தெளிவான ஒழுக்கக் கோடு இருக்கிறது. முன்னது அக்கறை, பின்னது களவு. வீடுகளில் பாதிக் காவல் முன்னதால்தான் நடக்கிறது, யாரும் அதைக் காவல் என்று உணராமலே.

எங்கள் அக்கா மகள் கூடத்தின் நடுவில், எல்லார் கண்ணெதிரிலும் உட்கார்ந்துதான் பேசுவாள். சைகையில் கிசுகிசுக்க முடியாது, நாலு பேர் பார்க்கும்படியான மொழி அது. ஆனால் அந்த வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவர் யாருமில்லை என்பதால் அதைவிடப் பத்திரமான ரகசிய மொழியும் இல்லை. அந்த ஆளோடு அவள் பேசிக்கொண்டிருந்தபோது அக்கா இரண்டு அடி தள்ளி உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஆகவே காது கேட்காத பிள்ளைகளின் பெற்றோருக்கு இரண்டே வழிகள்தான் இருப்பதுபோலத் தோன்றுகின்றன. ஒன்று களவாகப் பார்ப்பது, இல்லையென்றால் பிடுங்கி வைப்பது. பார்ப்பதற்குச் செயலிகள் இருக்கின்றன. அவை எழுத்தைத் தேடும், போன தளங்களைக் கணக்கெடுக்கும், ராத்திரி ஒன்பதுக்குப் பூட்டும். கையசைவைப் படிக்காது. பிடுங்குவது இன்னும் சுலபம், பீரோ சாவி போதும்.

அக்கா பிடுங்கினாள். நடந்து மூன்று வாரம் கழித்து இன்னொரு பெண்ணின் அம்மா போன் செய்து சொன்னபோதுதான் அவளுக்கே விஷயம் தெரிந்தது. போன் ஒன்றரை மாதம் பீரோவில் இருந்தது. "அந்தப் புள்ளைக்கு எதுக்கு போனு" என்று தெருவே சொன்னது. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை கையில் போன் என்றால் முதலில் வருகிற பயம் இணையக் குற்றம் பற்றியது இல்லை, யாரோடாவது ஓடிப்போய்விடுவாளோ என்பதுதான். பதினெட்டு ஆகும் முன்பே கட்டிக்கொடுத்துவிடும் வழக்கத்தோடு இன்னும் மல்லுக்கட்டும் மாவட்டம் இது. பாதுகாப்பு என்று சொல்லிப் பிடுங்கப்படும் போன்களில் எத்தனை உண்மையில் பாதுகாப்புக்காக என்று எனக்குச் சந்தேகம் உண்டு. அதை இங்கே விரிக்கவில்லை.

அந்த ஒன்றரை மாதமும் அவளோடு முழு வாக்கியத்தில் பேச அந்த வீட்டில் ஆள் கிடையாது. நான் ஓசூரிலிருந்து போனபோது இரண்டு மணி நேரம் நிறுத்தாமல் பேசினாள். அப்போதுதான் கதையின் மறுபாதி தெரிந்தது. அக்கா போனைப் பிடுங்குவதற்கு முன்பே அவள் அவனைத் தடுத்துவைத்துவிட்டாள். கிருஷ்ணகிரிப் பக்கத்து சீனியர் பெண் ஒருத்தி குழுவில் வீடியோ போட்டிருக்கிறாள். இந்த நம்பர், இந்த ஆள், முதலில் இப்படிப் பேசுவான், பிறகு இதைக் கேட்பான், என்னிடமும் கேட்டான், பயப்படாதே, அனுப்பாதே, நான் சொல்வதுபோல பிளாக் பண்ணு. எந்தப் பட்டனை அழுத்துவது என்பதையும் திரையைப் பதிவுசெய்து காட்டியிருக்கிறாள். நாலு நிமிட வீடியோ. எந்தப் பவர்பாயிண்டும் அதற்கு ஈடாகாது. ஏனென்றால் அது அவர்களுடைய அம்மாவும் சின்னம்மாவும் புளி கொட்டை எடுக்கும் இடம்.

அவனை உள்ளே விட்டதும் அந்தக் குழுதான், அவனைக் காட்டிக்கொடுத்ததும் அந்தக் குழுதான். பீரோவில் வைத்துப் பூட்டியபோது இரண்டும் சேர்ந்தே பூட்டப்பட்டன. இதைத்தான் நான் அக்காவிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். "என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் அக்கா. அதை நான் மொழிபெயர்த்ததும் பெண் போனை எடுத்துக் காட்டி, சுண்டுவிரலை நீட்டினாள்.

*

இதற்கெல்லாம் பெரிய விஷயமா என்று நினைப்பவர்களுக்காக அயனாவரத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2018இல் சென்னை அயனாவரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், செவித்திறன் குறைபாடுள்ள 11 வயதுச் சிறுமியை அங்கே வேலை செய்த ஆட்கள் மாதக்கணக்கில் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். 17 பேரைக் கைது செய்தார்கள். வீடியோ எடுத்து மிரட்டியதாக அப்போது செய்திகள் வந்தன. ஒருவர் விசாரணைக் காலத்திலேயே இறந்துபோனார். 2020 பிப்ரவரியில் 15 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. காவலாளி, லிஃப்ட் இயக்குபவர் என்று தினமும் பார்க்கிற முகங்கள். யாரும் இணையத்திலிருந்து வரவில்லை. வெளியூரிலிருந்து வந்த தன் அக்காவிடம் அந்தக் குழந்தை சொன்ன பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது. மாதக்கணக்கான மௌனத்தை உடைத்தது ஒரு கேமராவோ ஒரு தடையோ இல்லை, சொல்வதற்கு ஒரு ஆள்.

உலக சுகாதார நிறுவனத்துக்காகச் செய்து 2012இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வுத் தொகுப்பு, உடல் மனக் குறைபாடுள்ள குழந்தைகள் மற்றக் குழந்தைகளைவிட ஏறக்குறைய 3.7 மடங்கு அதிகமாக வன்முறைக்கு ஆளாகிறார்கள் என்று கணக்கிட்டது. காரணம் பலவீனம் மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. தவறு செய்ய நினைப்பவன் தேடுவது சொல்ல முடியாதவரை. சொன்னாலும் புரியாத வீட்டை. காது கேளாமை அவனுக்குப் பொருட்டே இல்லை. அந்தக் காதைச் சுற்றி நாம் கட்டி வைத்திருக்கும் மௌனம்தான் அவன் முதலீடு.

இப்போது நான்காவது அறிவுரை. 1098 குழந்தைகள் உதவி எண். 1930 இணையக் குற்றங்களுக்கு. 14417 தமிழகப் பள்ளிக் கல்வித் துறையுடையது. மூன்றுமே அடிப்படையில் பேசிக் கேட்கும் எண்கள். இணையக் குற்றங்களை மத்திய அரசின் வலைத்தளத்தில் எழுதியும் புகார் செய்யலாம் என்பது உண்மை. ஆனால் சைகைமொழியில் வளர்ந்த பிள்ளைக்கு எழுத்துத் தமிழ் இரண்டாவது மொழி. நீங்களும் நானும் பதற்றத்தில் இருக்கும்போது இந்தியில் புகார் எழுதுவதுபோல. அமெரிக்காவில் 988 என்ற தற்கொலைத் தடுப்பு எண்ணுக்கு 2023 செப்டம்பரிலிருந்து சைகைமொழியில் வீடியோ அழைப்பு வசதி இருக்கிறது. போன் பண்ணினால் எதிரில் ஒரு முகம் வந்து கையால் பேசும். தொழில்நுட்பமாகப் பார்த்தால் இதில் ஒன்றுமே இல்லை, எங்கள் வீட்டுச் சுவரில் சாய்த்து வைத்த போனில் தினமும் நடந்த காரியம்.

சட்டம் கொஞ்சம் யோசித்திருக்கிறது. 2012இன் போக்சோ சட்டத்தில் 26ஆம் பிரிவும் 38ஆம் பிரிவும், குறைபாடுள்ள குழந்தையின் வாக்குமூலத்தைப் பதியும்போது சிறப்பாசிரியரையோ, அந்தக் குழந்தையின் தொடர்புமுறையை அறிந்த ஒருவரையோ துணைக்கு அழைத்துக்கொள்ளலாம் என்கின்றன. 'அறிந்த ஒருவர்' என்ற இடத்தில் நான் நின்றுவிடுகிறேன். முப்பது சைகை இருக்கும் வீட்டில் அந்த ஒருவர் யார்? சில வீடுகளில் குற்றம் செய்தவனே அந்த ஒருவனாக இருப்பான். தவிர, சட்டம் எல்லாம் நடந்து முடிந்த பிறகு வருகிறது. 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு முன்கூட்டியே காக்கப் பார்க்கிறது. 18 வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால் பெற்றோரின் சம்மதம், சட்டப்படி பாதுகாவலர் உள்ள மாற்றுத்திறனாளி என்றால் அந்தப் பாதுகாவலரின் சம்மதம். குழந்தையையும் மாற்றுத்திறனாளியையும் ஒரே வாக்கியத்தில் கட்டியிருக்கிறார்கள். சட்டம் எழுதியவர்களுக்கு வசதி. ஆனால் வயதாகி வெளியே வரக்கூடிய ஒரு நிலையையும், ஆயுள் முழுக்க இருக்கப்போகும் ஒரு நிலையையும் அருகருகே வைக்கும்போது, இரண்டாமவர் என்றைக்கும் குழந்தையாகவே பார்க்கப்படும் பழைய பழக்கத்தின் வாசனை அதில் வருகிறது.

ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்கு உட்பட்டவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்துக்கொள்ளத் தடை கொண்டுவந்தது. நம் ஊரிலும் அதேபோல வேண்டும் என்று பேச்சு எழும்போது எனக்கு இரண்டு மனது. சாதாரணப் பிள்ளைகள் விஷயத்தில் நான் கொஞ்சம் தடையின் பக்கம் சாய்வேன், அந்த நிறுவனங்கள் பிள்ளைகளின் கவனத்தை எப்படி உறிஞ்சுகின்றன என்பதைத் தினமும் பார்க்கிறேன். ஆனால் காது கேட்கும் பிள்ளையிடமிருந்து ஒரு செயலியை எடுத்தால் அவனுக்குத் தெரு இருக்கிறது, வகுப்பு இருக்கிறது, அத்தை வீடு இருக்கிறது. தன் மொழி பேசும் ஆள் இருபது கிலோமீட்டருக்குள் ஒருவரும் இல்லாத பெண்ணிடமிருந்து எடுத்தால் என்ன மிஞ்சும்? ஆஸ்திரேலியாக்காரர்கள் செய்தி அனுப்பும் செயலிகளைத் தடையிலிருந்து விலக்கி வைத்தார்கள், அந்த அளவுக்கு யோசித்திருக்கிறார்கள். நம் தெரு அவ்வளவு நுணுக்கமாக யோசிக்காது. பீரோவுக்கு எல்லாச் செயலியும் ஒன்றுதான்.

இதில் ஒழுக்கக் கேள்வி எங்கே இருக்கிறது என்று கேட்டால், நான் இப்படிச் சொல்வேன். ஒருவரைக் காப்பதற்காக அவருடைய சுதந்திரத்தைக் குறைக்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு, பிள்ளைகள் விஷயத்தில் மில் போன்ற சுதந்திரவாதிகளே அதை ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அந்த உரிமைக்கு ஒரு முன்கடன் இருக்கிறது. ஏன் குறைக்கிறேன் என்பதைப் பிள்ளைக்குப் புரியும் மொழியில் சொல்ல முடிய வேண்டும், பிள்ளை மறுத்துச் சொல்வது எனக்குப் புரிய வேண்டும். காரணம் சொல்லாமல் கதவைச் சாத்துவதை ஆட்டுக்குட்டிக்குச் செய்யலாம். குழந்தை உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1992இல் சேர்ந்தது. அதன் 12ஆம் பிரிவு, தன்னைப் பற்றிய விஷயங்களில் குழந்தையின் கருத்து செவிமடுக்கப்பட வேண்டும் என்கிறது. செவிமடுக்க வேண்டியது குழந்தை இல்லை, நாம். இந்தக் கதையில் காது கேட்காமல் இருந்தது யார் என்று அதைப் படித்தபோது யோசித்தேன்.

சைகைமொழி கற்பது பெற்றோருக்குக் கஷ்டம் என்பார்கள். கஷ்டம்தான். 1880இல் மிலான் நகரில் கூடிய கல்வியாளர்கள் கைப்பேச்சு வேண்டாம், வாய்ப்பேச்சே உயர்ந்தது என்று தீர்மானம் போட்டார்கள். அதற்கு 2010இல் வான்கூவர் மாநாட்டில்தான் வருத்தம் தெரிவித்தார்கள். 130 வருடத் தாமதத்தின் எச்சம் நம் ஊர்வரை இருக்கிறது. "கையைக் காட்டிப் பழக்கினா பேச்சே வராது" என்று இன்றும் சொல்கிறார்கள். ஆனால் முடியாத காரியம் இல்லை. அமெரிக்காவில் மார்த்தாஸ் வினியார்டு என்ற தீவில் பரம்பரையாகக் காது கேளாமை அதிகம் இருந்தது, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை அங்கே காது கேட்கும் மீனவர்களும் விவசாயிகளும் சைகைமொழி பேசினார்கள். சொந்தத்தில் கல்யாணம் பண்ணும் எங்கள் பக்கத்தில் ஊருக்கு ஒன்றிரண்டு பிள்ளைகளாவது இப்படி இருக்கிறார்கள். ஊர் ஒன்றும் கற்றுக்கொண்டதில்லை.

பள்ளிகளைப் பற்றி ஒரு விஷயம் மட்டும். டில்லியில் உள்ள இந்திய சைகைமொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2021 பிப்ரவரியில் 10,000 சொற்கள் கொண்ட அகராதியை வெளியிட்டது. நல்ல வேலை. ஆனால் அகராதியில் இருப்பது வேறு, வகுப்பில் வாத்தியார் கை தூக்கிக் காட்டுவது வேறு. உடலுறுப்புகளின் சைகையைப் பல ஆசிரியர்கள் வகுப்பில் தவிர்த்துவிடுகிறார்கள். கூச்சம். வாயால் சொல்வதைவிடக் கையால் காட்டுவது அப்பட்டமாக இருக்கிறது இல்லையா. அந்தக் கூச்சத்தின் விலை, தனக்கு நேர்ந்ததைச் சொல்ல ஒரு பிள்ளைக்குச் சொல் இல்லாமல் போவது. 'ஸ்க்ரீன் ரெக்கார்டு', 'மிரட்டிக் காசு கேட்கிறான்', 'போலிக் கணக்கு' இதற்கெல்லாம் அந்தப் பிள்ளைகளே குழுவுக்குள் சைகை உருவாக்கி வைத்திருக்கிறார்கள். போலிக் கணக்குக்கு அவர்கள் காட்டுவது, முகத்தின் மேல் இன்னொரு முகத்தை மாட்டி அவிழ்ப்பதுபோல. அந்த வீடியோ போட்ட கிருஷ்ணகிரிப் பெண்ணைப் போன்ற நாலு பேரைச் சம்பளம் கொடுத்துப் பள்ளிகளுக்கு அனுப்பலாம். பவர்பாயிண்டைவிடச் செலவு குறைவாகத்தான் ஆகும்.

எங்கள் வீட்டில் இப்போது ஓர் ஏற்பாடு ஓடிக்கொண்டிருக்கிறது. போன் அவளிடம்தான். கடவுச்சொல் எனக்குத் தெரியும், அவள் இல்லாமல் திறக்க மாட்டேன் என்று பேச்சு. அக்கா இரண்டு தடவை "ஒரு வாட்டி திறந்து பாரேன்" என்று கேட்டாள். திறக்கவில்லை. புதிதாக யாராவது குழுவுக்குள் வந்தால் சீனியர் பெண்கள் மூன்று பேர் முதலில் பேசிப் பார்க்கிறார்கள். விடுதியில் வாரத்துக்கு ஒருநாள்தான் போன் தருகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை. அன்று சாயங்காலம் அவள் வீடியோவில் வந்து அக்காவுக்கு வாரம் மூன்று சைகை சொல்லித் தருகிறாள். அக்கா தப்பாகக் காட்டினால் தலையில் அடித்துக்கொள்கிறாள்.

இப்போது அக்காவிடம் நூற்றுப் பத்துக்கு மேல் இருக்கின்றன. போன வாரம் கற்றுக்கொண்டவை பயம், பொய், மிரட்டுகிறான். உடம்பு சம்பந்தப்பட்டவற்றுக்கு இன்னும் வரவில்லை. அதையெல்லாம் மாமா வீட்டில் இல்லாத நாளாகப் பார்த்துக் கத்துக்கறேன் என்கிறாள். மாமா மாதத்தில் இருபத்தெட்டு நாள் வீட்டில் இருப்பதில்லை.